யாரோடு யார் ஆடுவது?

குட்டீஸ், உங்கள் தெருவில் கேரம் போட்டி நடக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். முதல் வேலை என்ன? போர்டில் பவுடர் தூவுவதா? இல்லை. யாரோடு யார் மோதுவது என்று முடிவு செய்வதுதான் முதல் வேலை. பெயர்களைத் துண்டுச் சீட்டில் எழுதி, மடித்து, டப்பாவில் போட்டுக் குலுக்குவார்கள். கூட்டத்தில் இருக்கும் சின்னப் பிள்ளையைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வார்கள்.

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித் தரவே வேண்டாம். வட சென்னையில் கேரம் போர்டு இல்லாத தெருவைத் தேடித்தான் பார்க்க வேண்டும். வியாசர்பாடியைச் சேர்ந்த இளவழகி 2008ம் ஆண்டு உலக சாம்பியன் ஆனார். அதே வட சென்னையைச் சேர்ந்த காசிமா, 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பை கேரம் போட்டியில் மூன்று தங்கப் பதக்கம் வென்றார்.

இந்தச் சீட்டுக் குலுக்கலில் ஒரு சிக்கல் உண்டு. 8 பேர் ஆடும் நாக் அவுட் போட்டியில், மிக நன்றாக ஆடும் இருவரும் முதல் சுற்றிலேயே மோத நேர்ந்தால்? ஒருவர் அரை மணி நேரத்தில் வெளியே! இறுதி ஆட்டத்துக்கு வர வேண்டியவர், பஸ் பிடித்து வந்த களைப்பு தீரும் முன் வீட்டுக்குக் கிளம்ப வேண்டியதுதான். தோற்றது ஆட்டத்திலா, சீட்டிலா?

இதைத் தவிர்க்கத்தான் பெரிய போட்டிகளில் தரவரிசை பார்க்கிறார்கள். முதல் இடத்தில் இருப்பவரை அட்டவணையின் மேல் கோடியிலும், இரண்டாம் இடத்தில் இருப்பவரைக் கீழ்க் கோடியிலும் வைப்பார்கள். 8 பேர் என்றால் முதல் ஆளுக்கு எட்டாவது ஆள், இரண்டாவது ஆளுக்கு ஏழாவது ஆள் என்று ஜோடி சேரும். நல்ல ஏற்பாடுதான். ஆனால், எட்டாவது ஆளின் நிலையை யோசித்தீர்களா? பாவம், அவருக்கு முதல் ஆட்டமே சாம்பியனோடு!

எல்லாருக்கும் நியாயமாக ஜோடி சேர்ப்பது எப்படி? இந்தக் கேள்வியோடு நீண்ட காலமாகப் போராடும் ஒரு விளையாட்டு இருக்கிறது. அதுதான் கோல்ஃப்.

ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ கோல்ஃப் மைதானம் கிடையாது. அதனால் சுருக்கமாகச் சொல்லி விடலாம். மைதானத்தில் 18 குழிகள். பந்தை மட்டையால் அடித்து, ஒவ்வொரு குழியிலும் வரிசையாகப் போட வேண்டும். யார் மிகக் குறைந்த அடிகளில் முடிக்கிறாரோ, அவரே வெற்றியாளர். பெரிய போட்டிகள் வழக்கமாக 4 நாட்கள் நடக்கும்.

இதில் நேருக்கு நேர் மோதல் இல்லை. ஒருவர் பந்தை மற்றவர் தொடுவதும் இல்லை. 'அப்படியென்றால் யாரோடு ஆடினால் என்ன?' என்று கேட்கிறீர்களா? அங்கேதான் விஷயம் இருக்கிறது.

நூற்றுக்கும் மேற்பட்டோர் ஒரே நேரத்தில் ஆட முடியாது. ஆகவே முதல் இரண்டு நாட்களில் மூன்று மூன்று பேராகப் பிரித்து, ஏறக்குறைய 10 நிமிடத்துக்கு ஒரு குழு என்று அனுப்புவார்கள். பாதிக் குழுக்கள் முதல் குழியிலும், மீதி பத்தாவது குழியிலும் ஆட்டத்தைத் தொடங்கும். அப்போதும் முதல் குழு கிளம்பிய பல மணி நேரம் கழித்துத்தான் கடைசிக் குழு கிளம்பும்.

இங்கே காசிமேட்டுப் பிள்ளைகள் உடனே ஒரு கேள்வி கேட்பார்கள். 'காலையில் ஒரு காற்று, மதியத்தில் ஒரு காற்று அடிக்குமே?' சபாஷ்! விடியற்காலையில் நிலத்திலிருந்து கடலை நோக்கி மெல்ல வீசும் காற்று, உச்சி வெயிலுக்குப் பிறகு கடலிலிருந்து நிலத்தை நோக்கித் திரும்பும். மீன் பிடிக்கப் போகும் அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் இது அத்துப்படி. கோல்ஃப் ஆட்டக்காரருக்கும் காற்றுதான் பெரிய எதிரி. பறக்கும் பந்தை அது பக்கவாட்டில் தள்ளிவிடும். காலையில் ஆடுபவருக்கு அமைதியான வானிலை, மதியம் ஆடுபவருக்குப் பலத்த காற்று என்றால் நியாயமா?

இதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி மிக எளிது. முதல் நாள் காலையில் ஆடிய குழு, இரண்டாம் நாள் மதியம் ஆட வேண்டும். முதல் நாள் மதியம் ஆடியவர்களுக்கு மறுநாள் காலை. கஷ்டமும் சுகமும் இருவருக்கும் பங்கு! ஆனால், ஒரு நாள் மட்டும் புயல் வீசினால் இந்தக் கணக்கும் பொய்த்துப் போகும்.

சரி, அந்த மூன்று பேர் யார் யார்? அமெரிக்காவில் நடக்கும் பி.ஜி.ஏ. டூர் போட்டிகளில், ஆட்டக்காரர்களை முதலில் வகை பிரிக்கிறார்கள். பட்டம் வென்றவர்கள் ஒரு வகை, பல ஆண்டு அனுபவம் உள்ளவர்கள் ஒரு வகை, புதியவர்கள் ஒரு வகை. பிறகு அந்தந்த வகைக்குள் கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். நட்சத்திரங்களோடு நட்சத்திரங்கள், புதியவர்களோடு புதியவர்கள் என்று குழுக்கள் அமையும்.

எல்லாமே குலுக்கல்தானா என்றால், அதுவும் இல்லை. மாஸ்டர்ஸ் என்ற புகழ்பெற்ற போட்டியில் ஒரு குழு உட்கார்ந்து பேசியே ஜோடிகளை முடிவு செய்கிறது. அங்கே ஓர் அழகான வழக்கம் உண்டு. பணத்துக்காக ஆடாத அமெச்சூர் ஆட்டக்காரர்களில் அமெரிக்க சாம்பியனாக இருப்பவரை, முந்தைய ஆண்டு மாஸ்டர்ஸ் வென்றவரோடு முதல் இரண்டு நாள் ஆட விடுவார்கள். கல்லூரி மாணவர் ஒருவர் மாஸ்டர்ஸ் சாம்பியனோடு தோளோடு தோள் நடக்கலாம்!

டி.வி.யின் செல்வாக்கும் இதில் இருக்கிறது. ரசிகர்கள் அதிகம் பார்க்கும் நேரத்தில் பெரிய ஆட்டக்காரர்கள் திரையில் தெரிய வேண்டும். அதனால் அதிகாலை முதல் குழுவும், புல்தரை மிதிபட்டுப் போன பிறகு கிளம்பும் கடைசிக் குழுவும் பெரும்பாலும் புதியவர்களுக்கே வாய்க்கிறது. 'வென்று காட்டியவர்களுக்குத்தானே அந்தச் சலுகை' என்பார்கள் சிலர். 'வெல்வதற்கே வாய்ப்பு சமமாக இருக்க வேண்டாமா' என்பார்கள் வேறு சிலர். இரண்டிலும் உண்மை இருக்கிறது.

இரண்டு நாள் முடிந்ததும் நிலைமை மாறும். ஏறக்குறைய பாதிப் பேர் வெளியேறி விடுவார்கள். அதன் பிறகு பெயருக்கும் புகழுக்கும் வேலை இல்லை. அடிகளின் எண்ணிக்கை மட்டுமே பேசும். பின்தங்கியவர்கள் முதலில் கிளம்புவார்கள். முன்னணியில் இருப்பவர்கள் கடைசியில் கிளம்புவார்கள். ஆகவே கடைசிக் குழுவில் இடம் பிடிப்பதே ஒரு பெருமை.

அந்தப் பெருமையை இந்தியப் பெண் ஒருவர் பெற்றார். 2021ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், பெங்களூரைச் சேர்ந்த அதிதி அசோக் மூன்று நாள் முடிவில் இரண்டாம் இடத்தில் இருந்தார். கடைசி நாளன்று அமெரிக்காவின் நெல்லி கோர்டா, நியூசிலாந்தின் லிடியா கோ ஆகியோருடன் கடைசிக் குழுவில் ஆடினார். கோர்டாவுக்குத் தங்கம், கோவுக்கு வெண்கலம். அதிதி ஒரே ஓர் அடியில் பதக்கத்தைத் தவறவிட்டு நான்காம் இடம் பெற்றார். வெள்ளி வென்ற ஜப்பானின் மோனே இனாமி, அந்தக் கடைசிக் குழுவிலேயே இல்லை! முன்னால் ஆடிப் போனவரும் முந்தலாம் என்பது கோல்ஃபின் சுவை.

கூட ஆடுபவருக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. உங்கள் மதிப்பெண் அட்டையை எழுதுவது நீங்கள் அல்ல, உங்கள் குழுவில் இருப்பவர்தான்! 1968 மாஸ்டர்ஸ் போட்டியின் கடைசி நாளில், அர்ஜென்டினாவின் ராபர்ட்டோ டி விசென்சோ 17வது குழியை 3 அடிகளில் முடித்தார். கூட ஆடிய டாமி ஆரோன், தவறுதலாக 4 என்று எழுதி விட்டார். விசென்சோ கவனிக்காமல் கையெழுத்துப் போட்டார். அட்டையில் உள்ளதே செல்லும் என்பது விதி. முதலிடத்தைப் பகிர்ந்திருக்க வேண்டியவர், ஓர் அடியில் தோற்றார். அன்று அவருக்குப் பிறந்த நாள் வேறு!

செஸ் விளையாட்டிலும் ஜோடி சேர்ப்பதில் ஒரு தந்திரம் இருக்கிறது. 2024ல் டொரன்டோவில் நடந்த கேண்டிடேட்ஸ் போட்டியில் 8 பேர் ஆடினர். அவர்களில் நம் சென்னையின் குகேஷ், பிரக்ஞானந்தா, இவர்களோடு விதித் குஜராத்தி என மூவர் இந்தியர். ஒரே நாட்டுக்காரர்கள் ஆரம்பச் சுற்றுகளிலேயே தங்களுக்குள் மோதி விட வேண்டும் என்று அட்டவணை போட்டார்கள். ஏன் தெரியுமா? கடைசிச் சுற்றில் மோத விட்டால், பட்டம் வெல்லும் வாய்ப்பை இழந்தவர் தன் நாட்டு நண்பருக்கு விட்டுக் கொடுத்து விடலாம் அல்லவா? அந்தச் சந்தேகத்துக்கே இடம் கொடுக்காத அந்தப் போட்டியில் வென்றவர் குகேஷ்.

ஆக, சீட்டு எடுப்பது சாதாரண வேலை அல்ல. அடுத்த முறை உங்கள் தெருவில் போட்டி நடத்தினால், சீட்டை எல்லார் கண் முன்னாலும் எடுங்கள். அண்ணன் தம்பி இருவரும் ஆடினால், முதல் சுற்றிலேயே மோத விடாமல் தள்ளி வையுங்கள். லீக் போட்டி என்றால் முதலிலேயே மோத விட்டு விடுங்கள். வெயிலில் ஒரு முறை ஆடிய அணிக்கு, மறுமுறை நிழல் நேரத்தைக் கொடுங்கள். முதல் ஆட்டத்தில் தோற்றவரை அப்படியே அனுப்பி விடாமல், இன்னோர் ஆட்டமாவது ஆட விடுங்கள். அவரும் ஆடத்தானே வந்தார்?