விருந்தும் வேலையும்: நெவாடா தரும் பாடம்

விருந்தோம்பலை அறத்துப்பாலில் இல்லறத்தார் கடமையாக வைத்த திருவள்ளுவர், சூதினைப் பொருட்பாலில் விலக்கத்தக்கதாக வைத்தார். அவர் பிரித்துவைத்த இவ்விரண்டையும் ஒரே கூரையின்கீழ்ச் சேர்த்து, அதனையே தன் பிழைப்பாக்கிக்கொண்டது அமெரிக்க ஐக்கிய நாடுகளிலுள்ள நெவாடா மாநிலம். அங்கே விருந்தினர்க்கு ஊழியம் புரிவோரின் தொழில்நிலை அண்மை ஆண்டுகளில் அடைந்த மாற்றங்கள் ஆராயத்தக்கன.

நெவாடா பெரும்பாலும் பாலைநிலம். உலகப் பொருளாதார மந்தம் வாட்டிய 1931ஆம் ஆண்டிலே அம்மாநிலம் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கிற்று. அதே ஆண்டிற் கொலராடோ ஆற்றில் ஹூவர் அணையின் வேலையும் தொடங்கிற்று. அணைக்கு அணித்தாயிருந்த லாஸ் வேகாஸ் என்னும் சிற்றூர் நாளடைவில் மாநகராயிற்று. 2019ஆம் ஆண்டில் அந்நகருக்கு வந்தோர் ஏறக்குறைய 4 கோடி 25 இலட்சம் பேர். அக்காலத்தில் மாநிலத்து வேலைகளுள் நான்கில் ஒரு பங்களவு பொழுதுபோக்கு, விருந்தோம்பல் துறையைச் சார்ந்திருந்தது. நாடு முழுவதையும் நோக்கின் அப்பங்கு பத்தில் ஒன்றளவே.

ஒரு தூணின்மேல் எழுப்பிய மாளிகைக்கு வரும் இடர் 2020இல் வந்தது. கொவிட் பெருந்தொற்றினால் அவ்வாண்டு மார்ச்சு மாத நடுவில் மூடப்பட்ட சூதாட்ட மனைகள் ஜூன் 4ஆம் திகதியே மீளத் திறக்கப்பட்டன. இடையில், ஏப்பிரல் மாதத்தில், வேலையின்மை நூற்றுக்கு 28க்கும் மேலாயிற்று. ஐம்பது மாநிலங்களுள்ளும் அதுவே மிக உயர்ந்தது. காரணம் வெளிப்படை. இன்று விலைபோகாத நெல்லை நாளை விற்கலாம். இன்றிரவு வெறுமையாய்க் கிடந்த அறையை நாளை விற்க இயலாது. கணக்கெழுதுவோர் வீட்டிலிருந்தும் எழுதலாம். படுக்கை விரிப்போரும் உணவு பரிமாறுவோரும் அவ்வாறு செய்தல் கூடுமோ?

மீட்சியின் போக்கு இன்னும் கருதத்தக்கது. 2021இல் மாநிலத்தின் சூதாட்ட வருவாய் முன்னைய உச்சத்தையும் கடந்தது. ஆயின், வேலையாட்கள் தொகை அவ்வாண்டில் முன்னைய அளவை எட்டவில்லை. குறைந்த ஆட்களைக் கொண்டே மிகுந்த பணம் ஈட்டலாம் என்பதை முதலாளிமார் கண்டுகொண்டனர். நாள்தோறும் அறை துப்புரவாக்கும் வழக்கம் பல விடுதிகளில் அருகிற்று. வரவேற்பு மேசையின் பணியைப் பொறிகள் பங்கிட்டுக்கொண்டன. செல்வம் மீண்டபோது வேலையும் உடன்மீளும் என்னும் எண்ணம் இவ்வாறு பொய்த்தது.

எனினும் தொழிலாளர் வாளாவிருந்தாரல்லர். 1935இல் நிறுவப்பெற்ற சமையல், விடுதித் தொழிலாளர் சங்கம் இன்று ஏறக்குறைய 60,000 உறுப்பினரை உடையது. 1991இல் பிரொண்டியர் விடுதியிலே தொடங்கிய இதன் வேலைநிறுத்தம் ஆறாண்டுகளுக்கும் மேலாக நீடித்து 1998இல் வெற்றியோடு முடிந்தது. பெருந்தொற்றினால் நீக்கப்பட்டோரை மீள அழைக்கவேண்டும் என்னும் சட்டம் 2021இல் நிறைவேறியது. அறைகளை நாள்தோறும் துப்புரவாக்கவேண்டும் என்று 2020இல் இயற்றிய சட்டவிதி 2023இல் நீக்கப்பட்டதாயினும், அவ்வாண்டு நவம்பரிற் பெருவிடுதிகளோடு செய்த ஐந்தாண்டு உடன்படிக்கைகளில் அக்கடமையைச் சங்கம் மீட்டுக்கொண்டது. ஐந்தாண்டுகளில் ஊதியம் நூற்றுக்கு 32 அளவு உயரவும், புதிய பொறிகளால் வேலையிழப்போர்க்குக் காப்புண்டாகவும் அவ்வுடன்படிக்கைகள் வழிசெய்தன.

ஆயினும் சங்கம் ஊதியத்தை உயர்த்தலாம். விருந்தினரை வருவித்தல் அதற்கியலாது. 2025இல் லாஸ் வேகாஸுக்கு வந்தோர் தொகை முன்னாண்டினும் குறைந்தது. கனடா நாட்டார் வருகையும் சுருங்கிற்று. வெளியார் மனநிலை மாறும்போதெல்லாம் உள்ளூரார் அடுப்பு அணைதல் நன்றன்று. ஆதலின் பிற தொழில்களையும் வளர்த்தல் அம்மாநிலத்தார்க்கு இன்றியமையாதது. உல்லாசப் பயணிகளின் தொகையையும் வருவாயையும் மட்டும் எண்ணி ஒரு துறை செழித்தது என்று முடிவுகட்டுவோர், அங்கு உழைப்போரின் தொகையையும் கூலியையும் உடன் எண்ணுதல் வேண்டும். விருந்தினன் உண்டு மகிழ்ந்தபின் பரிமாறியவன் பசித்திருப்பானாயின், அதனை விருந்தோம்பல் என்று வழங்குதல் அச்சொல்லுக்கு இழுக்கேயாம்.