தொகை பெரிது என்னும் துணிவு

நிலத்தில் கூடு கட்டி, நிலத்திலேயே இரை தேடி, ஆபத்து நெருங்கினாலன்றிச் சிறகு விரிக்காத கௌதாரி, காடை, காட்டுக்கோழி முதலிய வேட்டைப் பறவைகளைப் பற்றிப் படித்தவரும் பாமரரும் ஒருசேரக் கொண்டிருக்கும் அபிப்பிராயம் ஒன்று உண்டு. அவை ஒரு பருவத்தில் பத்தும் பதினைந்துமாக முட்டையிடுபவை. எத்தனை சுட்டாலும், எத்தனை கண்ணி வைத்துப் பிடித்தாலும், அடுத்த மழைக்குள் நஷ்டத்தை ஈடு செய்துகொள்பவை. உலகமெங்கும் அவை லட்சக்கணக்கிலும் கோடிக்கணக்கிலும் இருப்பதாக நிபுணர்களே கணக்குச் சொல்லும்போது, அவற்றின் க்ஷேமத்தைப் பற்றி விசாரப்படுவது வீண் வேலை என்பது அந்த அபிப்பிராயம். இதை வேட்டைக்காரர் மட்டும் சொன்னால் சுயநலம் என்று ஒதுக்கிவிடலாம். புலிக்கும் யானைக்கும் மனமுருகுகிற நல்லவர்களும், கௌதாரியின் பேச்சு வந்தால், இதையே சொல்லிவிட்டு வேறு விஷயத்துக்குப் போய்விடுகிறார்கள். நிலப்பறவைகளுக்கு இந்த நம்பிக்கையைப் போலத் தீங்கிழைத்தது வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

எதிர்க்கட்சியின் வாதம் எந்த இடத்தில் மிகவும் பலமாக நிற்கிறதோ அந்த இடத்திலிருந்தே தொடங்குவதுதான் நியாயம். இங்கிலாந்தின் சாம்பல் நிறக் கௌதாரி, நம் கொல்லைகளில் விடியற்காலையில் உரக்கக் கூவும் கௌதாரிக்குத் தூரத்து உறவு. முட்டையிடுவதில் அதற்கு நிகரான பறவைகள் உலகத்தில் மிகச் சிலவே. ஒரு கூட்டில் சராசரியாகப் பதினைந்து முட்டைகள், சில சமயம் இருபதுக்கு மேலும் இருக்கும். 1870 முதல் 1930 வரையிலான காலத்தில் பிரிட்டனில் ஆண்டுதோறும் சுமார் 20 லட்சம் கௌதாரிகள் சுடப்பட்டன. அப்படிச் சுட்ட பிறகும் மறு ஆண்டு அறுவடை முடிந்த தாள் வயல்களில் அவை குடும்பம் குடும்பமாக மேய்ந்துகொண்டிருந்தன. முட்டையின் பெருக்கம் இனத்தைக் காக்கும் என்பதற்கு இதைக் காட்டிலும் பிரத்தியட்சமான பிரமாணம் என்ன வேண்டும் என்று அவர்கள் கேட்டால், அந்தக் காலத்தளவில் அவர்கள் சொல்வது மெய்தான் என்று ஒப்புக்கொள்ளவே வேண்டும். ஆனால் சரித்திரம் 1930-ஓடு நின்றுவிடவில்லை. துப்பாக்கிக்கு விழும் தொகை வருஷத்துக்கு வருஷம் சிறுத்துக்கொண்டே வந்த பிற்காலத்தில்தான் அந்தப் பறவை வயல்களை விட்டு மறைந்தது. 1967-க்குப் பிறகு மாத்திரம் பிரிட்டனில் அதன் தொகை 90 விழுக்காட்டுக்கு மேல் குறைந்துபோயிற்று. முட்டைகள் குறையவில்லை; பெட்டை இன்றும் அதே பதினைந்தை இட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

காரணத்தைத் தேடிப் போனவர் டிக் பாட்ஸ் என்னும் விஞ்ஞானி. 1968-இல் இங்கிலாந்தின் ஸஸெக்ஸ் குன்றுப் பிரதேசத்துக் கோதுமை வயல்களில் அவர் தொடங்கிய ஆராய்ச்சி, பறவையை எண்ணியதோடு திருப்தி அடையாமல், அந்தப் பறவை நடமாடும் பயிரில் உள்ள களைகளையும் பூச்சிகளையும் ஆண்டு தவறாமல் எண்ணியது. அதிலேதான் உண்மை அகப்பட்டது. ஜூன் மாத நடுவில் முட்டையிலிருந்து வெளிப்பட்டு, சில மணி நேரத்திற்குள் கூட்டை விட்டுத் தாயின் பின்னே நடக்கத் தொடங்கிவிடும் கௌதாரிக் குஞ்சு, தன் வாழ்வின் முதல் இரண்டு வாரங்களில் தானியத்தைக் கொண்டு உயிர் வாழ முடியாது. இறகு முளைக்க வேண்டிய அந்த நாட்களில் அதற்கு வேண்டியது புழுவும் பூச்சியும்தான்: புல் தாளில் ஒட்டிக் கிடக்கும் பச்சை நிற ரம்ப ஈப் புழு, இலையைத் தின்னும் சிறு வண்டு, சாறு உறிஞ்சும் பூச்சி, எறும்பு. இவற்றில் பல பயிரின் அடியில் முளைத்த களைகளை அண்டி வாழ்பவை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த களைக்கொல்லி மருந்துகள் கௌதாரியை நேராக நஞ்சூட்டிக் கொல்லவில்லை. களையைக் கொன்றன, களை போனதும் பூச்சி போயிற்று, பூச்சி போனதும், பனியில் நனைந்த கோதுமைத் தாள்களுக்கிடையே ஓர் உள்ளங்கையில் அடங்கும் குஞ்சு இரைக்காக நெடுந்தூரம் அலைந்து, உடம்பு குளிர்ந்து, தாயின் சிறகுக்குத் திரும்பி வரும் முன்பே விறைத்து விழுந்தது. முன்பு பொரித்த குஞ்சுகளில் ஏறத்தாழப் பாதி பிழைத்துக்கொண்டிருந்தன. மருந்து வந்த பிறகு மூன்றில் ஒன்றே பிழைத்தது.

பாதிக்கும் மூன்றில் ஒன்றுக்கும் உள்ள இந்த வித்தியாசம் கேட்பவர் காதுக்குச் சிறிதாகப் படலாம். ஓர் இனத்தின் தலைவிதியை நிர்ணயித்தது அதுதான். வளர்ந்த பறவைகளில் பாதியளவேனும் ஒவ்வோர் ஆண்டும் நரிக்கும் நோய்க்கும் குளிருக்கும் இரையாகும் ஒரு ஜாதியில், இறந்தவற்றின் இடத்தை நிரப்பப் போதுமான குஞ்சுகள் தேறினால் தொகை நிலைக்கும். ஒரு பங்கு குறைந்தால் ஆண்டுக்காண்டு தேயும். இதோடு, பெரிய இயந்திரங்கள் திரும்புவதற்கு இடைஞ்சல் என்று வேலிப் புதர்கள் வெட்டப்பட்டன. வேட்டைக் காவலர்கள் குறைந்தபடியால் நரியும் காகமும் பெருகின; இருபத்து மூன்று இருபத்து நான்கு நாள் அசையாமல் அடைகாக்கும் பெட்டையை நரி கூட்டிலேயே கவ்விக்கொண்டு போயிற்று. அந்தப் பழைய 20 லட்சத்தைத் தந்தது முட்டையின் மகிமை என்று நினைத்தவர்கள், அதைத் தந்தது புதரும் பூச்சியும் காவலும் சேர்ந்த ஒரு நிலம் என்பதை மறந்தார்கள். நிலம் மாறியவுடன் பதினைந்து முட்டையும் பலனற்றுப் போயின.

இனி, உலகத் தொகை என்னும் பெரிய எண்ணுக்கு வருவோம். சாம்பல் கௌதாரி பிரிட்டனில் அபாயத்தில் உள்ள பறவைகளின் சிவப்புப் பட்டியலில் இருக்கிறது. அயர்லாந்திலோ, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், பூரா என்னும் சதுப்பு வெளியில் முப்பதுக்கும் குறைவாக எஞ்சியது. ஆனால் சர்வதேசப் பட்டியலைப் புரட்டினால் அதே பறவை ‘கவலை குறைந்த இனம்’ என்று காணப்படுகிறது. இரண்டும் மெய்யே. ஐரோப்பாவிலிருந்து மத்திய ஆசியா வரை பரந்து கிடக்கும் பிரதேசம் அதனுடையது. ஒவ்வொரு தேசத்திலும் வசந்த காலத்து இணைகளை எண்ணியும், எண்ண முடியாத இடத்தில் அனுமானித்தும், ஐரோப்பாவின் தொகையை அதன் பரப்புக்கு உரிய விகிதத்தில் பெருக்கியும் உலகத் தொகை மதிப்பிடப்படுகிறது. இந்த மதிப்பீட்டைச் செய்பவர்கள் நேர்மையானவர்கள். இது மதிப்பீடுதான் என்பதையும் அவர்களே எழுதி வைக்கிறார்கள். குற்றம், அந்த எண்ணை எடுத்துக்கொண்டு, இனி கவலையில்லை என்று கதவைச் சாத்துகிற நம்முடையது.

அந்தப் பட்டியலின் விதியையும் சற்றே கவனிக்க வேண்டும். பத்து ஆண்டுகள் அல்லது மூன்று தலைமுறைகள், இவற்றில் எது நீண்டதோ அந்தக் காலத்தில் 30 விழுக்காடு குறைந்தால்தான் வீழ்ச்சியின் பேரால் ஓர் இனம் ஆபத்துப் பட்டியலின் முதற்படியில் ஏறும். யானை போல நெடுநாள் வாழும் பிராணிக்கு மூன்று தலைமுறை என்பது ஏறத்தாழ ஒரு மனிதன் ஆயுளளவு நீண்ட காலம். ஆகவே பழைய நஷ்டமும் கணக்கில் சேரும். அற்பாயுளுள்ள கௌதாரிக்கும் காடைக்குமோ பத்து ஆண்டோடு ஞாபகம் அறுந்துபோகும். பத்து ஆண்டுக்கு 25 விழுக்காடு வீதம் ஐம்பது ஆண்டுகள் தேய்கிற ஒரு பறவை, நூற்றுக்கு இருபத்து நான்காகச் சுருங்கிய பிறகும், எந்தப் பத்தாண்டிலும் அந்த வரம்பைத் தாண்டியிராது. அமெரிக்காவின் பாப்வைட் காடை 1966-க்குப் பிறகு 80 விழுக்காட்டுக்கு மேல் குறைந்துவிட்ட போதிலும், இன்னும் லட்சக்கணக்கில் மிஞ்சியிருக்கிறது; பட்டியலில் ‘அச்சுறுத்தலை நெருங்கிய இனம்’ என்ற அளவில்தான் நிற்கிறது. தந்தை கேட்டு வளர்ந்த குரலை மகன் தன் பண்ணையில் கேட்டதே இல்லை என்ற நிலைமைக்கு, லட்சம் என்ற சொல் என்ன ஆறுதல் தரும்?

எண்ணிக்கை உயர்ந்துவிட்டால் அபாயம் நீங்கியது என்று நினைப்பவர்கள் ஹீத் கோழியின் கதையை அறிய வேண்டும். ஒரு காலத்தில் அமெரிக்கக் கீழைக் கரையில் ஏழைகளின் சாதாரண உணவாக இருந்த அந்தப் புல்வெளிப் பறவை, 1870 வாக்கில் மாஸசூஸெட்ஸ் கரையோரத்து மார்த்தாஸ் வின்யார்ட் என்னும் ஒரே தீவில் ஒடுங்கியது. 1908-இல் அங்கே சரணாலயம் அமைத்தார்கள். நூற்றுக்கும் குறைவாக இருந்த தொகை 1916-க்குள் ஏறத்தாழ 2,000 ஆயிற்று. காத்துவிட்டோம் என்று எல்லோரும் மகிழ்ந்திருந்தபோது, அந்த ஆண்டு மே மாதம், பெட்டைகள் அடைகாத்துக்கொண்டிருந்த சமயத்தில் புல்வெளி தீப்பற்றியது. கூட்டை விட்டு எழாத பெட்டைகள் கூட்டோடு மாண்டன. அடுத்து வந்தது கொடிய குளிர்காலம், அதோடு வல்லூறுகள், பின்பு வீட்டு வான்கோழிகளிடமிருந்து தொற்றிய நோய். 1927-இல் எஞ்சியவை 13, அவற்றிலும் பெரும்பாலானவை சேவல்கள். 1928-இன் இறுதியில் இருந்தது ஒரே ஒரு சேவல். 1932 மார்ச் 11-ஆம் தேதிக்குப் பிறகு அதையும் எவரும் காணவில்லை. இரண்டாயிரம் என்ற எண் ஒரே இடத்தில் குவிந்திருந்தது, அவற்றில் பெட்டைகள் எத்தனை, அவற்றின் கூடுகள் எங்கே என்ற கேள்விகளை ஒருவரும் கேட்கவில்லை.

இவ்வளவுக்கும் பதிலாக, குறைந்தால் வளர்த்து விட்டால் போயிற்று என்று ஒரு யுக்தி சொல்லப்படுகிறது. பிரிட்டனில் ஆண்டுதோறும் கூண்டில் வளர்த்த வண்ணக்கோழிகளையும் செங்கால் கௌதாரிகளையும் கோடிக்கணக்கில் வயலில் அவிழ்த்து விடுகிறார்கள்; அவற்றைச் சுடும்போது, கூட்டத்தோடு எழும்பும் காட்டுக் கௌதாரியும் சேர்ந்து விழுகிறது. நாய்க்கும் நரிக்கும் ஒளியத் தாயிடம் கற்காத பண்ணைப் பறவை காட்டில் நிலைப்பது அரிது. நம் ஊர்ச் சாப்பாட்டுக் கடைகளில் வறுவலாக வரும் காடையைக் கண்டு காடைக்கென்ன குறைச்சல் என்று நினைப்பதும் இந்த ரகம்தான். அது ஜப்பானியக் காடை, நம் மானாவாரிக் கொல்லையில் மழைக்குப் பின் குரல் கொடுக்கும் காடை வேறு இனம்.

மற்றொரு சாக்கு: கானமயில் பருவத்துக்கு ஒரே முட்டை இடுவதால் அழிகிறது, கௌதாரிக்கு அந்தக் கதி வராது என்பது. 1969-இல் சுமார் 1,260 என்று மதிப்பிடப்பட்ட கானமயில் இன்று 150-க்கும் குறைவாகிவிட்டதில் அந்த ஒற்றை முட்டைக்கும் பங்குண்டு, மறுக்கவில்லை. ஆயினும் அதைக் கொல்வது முட்டைக் குறைவன்று. முன்னாளில் துப்பாக்கி, இந்நாளில் தார்ப் பாலைவனத்து மின்கம்பிகள், எந்நாளிலும், புல்வெளியைத் தரிசு என்று குறித்து வேறு காரியங்களுக்குக் கொடுத்துவிடும் வழக்கம். கௌதாரியின் மேய்ச்சல் புறம்போக்கும் அதே ஏட்டில்தான் இருக்கிறது. முட்டை பலவிடும் ஜாதியில் பிறந்த இமாலயக் காடையை நைனிடால் அருகில் 1876-இல் சுட்டதற்குப் பிறகு ஐயமறக் கண்டவர் யாரும் இல்லை. நியூசிலாந்தின் காடையும் அதே 1870-களில், குடியேறியவர்கள் வந்த சில பத்தாண்டுகளுக்குள், பூண்டற்றுப் போயிற்று.

ஆகவே, ஒரு நிலப்பறவையைப் பற்றி அதன் உலகத் தொகையைச் சொல்லி யாரேனும் உங்களைச் சமாதானப்படுத்த முயன்றால் அதில் திருப்தி அடையாதீர்கள். சென்ற முப்பது நாற்பது ஆண்டுகளில் எவ்வளவு குறைந்தது, பொரித்த குஞ்சுகளில் எத்தனை தேறுகின்றன, கூடு கட்டும் புல் எங்கே மிஞ்சியிருக்கிறது என்று கேளுங்கள். பிரிட்டனில் வேட்டைப் பறவை ஆர்வலர்கள் 1933 முதல் கௌதாரிகளை வயல் வயலாக எண்ணி எழுதி வருவதனால்தான் அவர்களால் வீழ்ச்சியைக் கண்டுகொள்ளவாவது முடிந்தது. ஸஸெக்ஸில் ஆரண்டல் அருகே ஒரு பண்ணையில், சில இணைகளே எஞ்சியிருந்த நிலையில், 2003 முதல் வேலிப் புதர் நட்டு, பயிரோரங்களில் மருந்து தெளிப்பதைக் குறைத்து, காவலும் வைத்ததும் கௌதாரிகள் மறுபடி நூற்றுக்கணக்கில் பெருகின. நிலம் வைத்திருக்கும் வாசகர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு: வரப்போரத்துப் புல்லையும் வேலிப் புதரையும், கௌதாரி குஞ்சு பொரித்து வளர்க்கும் காலத்திலேனும், களைக்கொல்லி படாமலும் தீ வைக்காமலும் விட்டுவையுங்கள்.