ஃப்ரிட்ஜிலிருந்து வந்த தட்டான்

புகைப்படப் போட்டிகளில் வருகிற தட்டான் படங்களில் பாதியை நான் இப்போது நம்புவதில்லை. கறுப்புப் பின்னணி, சிறகெங்கும் ஒரே அளவில் நீர்முத்துக்கள், கேமராவையே பார்க்கும் கண்கள். கீழே ‘இயற்கைச் சூழலில் எடுத்தது’ என்று ஒரு வரி. சூழலைத்தான் காணோம்.

செய்முறை ஒன்றும் ரகசியமில்லை. வலையில் பிடித்து, டப்பாவில் போட்டு, ஃப்ரிட்ஜில் கொஞ்ச நேரம் வைத்தால் விறைத்துவிடும். எடுத்து ஒரு மொட்டின்மேல் உட்காரவைத்து, கிளிசரின் கலந்த தண்ணீரைப் பீய்ச்சினால் பனித்துளி தயார். மேக்ரோ லென்ஸில் மிக நெருங்கி எடுக்கும்போது ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழம்தான் தெளிவாக விழும். கண்ணிலிருந்து வால்நுனிவரை துல்லியம் வேண்டுமென்றால் பல படங்களை எடுத்து அடுக்க வேண்டும். அதுவரை பூச்சி அசையக்கூடாது. செத்ததைப் பசைபோட்டு ஒட்டுகிறவர்களும் உண்டு.

கேட்டால், “பூச்சிதானே சார், பத்து நிமிஷத்துல பறந்துடும்” என்பார்கள். தட்டானுக்கு நூல் கட்டிப் பறக்கவிடும் பையனை அதட்டுகிறவர்களும் இவர்களேதான். அவனாவது அதைக் காட்டி யாரிடமும் கோப்பை வாங்கியதில்லை.

கொடுமை ஒருபக்கம் இருக்கட்டும், எனக்கு எரிச்சல் பொய்மேல்தான். மழைக்காலத்தில் திடலுக்கு மேலே கூட்டமாகச் சுற்றும் மஞ்சள் தட்டானைப் பார்த்திருப்பீர்கள். பான்டாலா ஃபிளாவெசன்ஸ். அது இந்தியப் பெருங்கடலைத் தாண்டி ஆப்பிரிக்காவுக்குப் போகிறது என்று, மாலத்தீவில் கவனித்தவற்றை வைத்து 2009இல் சார்லஸ் ஆண்டர்சன் எழுதினார். இளைப்பாறும்போது குச்சியைப் பிடித்துக்கொண்டு தொங்கும். பரிசு வாங்கிய ஒரு படத்தில் அதே தட்டான் தாமரை மொட்டின் உச்சியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. நடுவர்களுக்கு உறுத்தவே இல்லை!

இத்தனை பாடு எதற்கு? குச்சி நுனியில் உட்காரும் வகைகள் எழுந்து போனாலும் பெரும்பாலும் அதே குச்சிக்குத் திரும்பி வரும். பேசாமல் காத்திருந்தால் போதும். உச்சி வெயிலில் உடம்பில் சூடு குறைவாக விழட்டும் என்று வாலைச் சூரியனை நோக்கித் தூக்கி நிற்கும். ஃப்ரிட்ஜ் தட்டான் அதைச் செய்யுமா? விடிவதற்கு முன் போனால் நிஜப் பனியோடு, தானாகவே குளிரில் விறைத்து உட்கார்ந்திருக்கும். வெயில் ஏறுவதற்குள் சிறகை நடுக்கி உடம்பைச் சூடாக்கிக்கொள்வதையும் பார்க்கலாம். அஞ்சு மணிக்கு எழுந்திருக்கச் சோம்பல், வேறொன்றுமில்லை.

தட்டானின் குஞ்சுப்பருவம் முழுக்கத் தண்ணீருக்குள். அதனால் எந்தத் தட்டான், எந்த மாதம், எந்தக் கோரைமேல் உட்கார்ந்தது என்று காட்டும் படம் அந்த நீர்நிலையைப் பற்றிய சாட்சியும்கூட. பள்ளிக்கரணைக்கு 2022இல் ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. சுற்றிலும் கட்டடங்கள் நெருக்கிக்கொண்டிருக்கின்றன. அங்கே எடுத்த சாதாரணப் படம் ஒன்று பத்து வருஷம் கழித்து எதையாவது நிரூபிக்கும். கறுப்புத் துணிக்கு முன்னால் எடுத்தது, குளம் காணாமல் போனதைக்கூடச் சொல்லாது.

போட்டி நடத்துகிறவர்கள் பரிசு தருவதற்கு முன் மூலக் கோப்பையும், அதற்கு முன்னும் பின்னும் எடுத்த பத்துப் படங்களையும் கேட்கட்டும். பின்னணியில் பிளாஸ்டிக் கவர் மிதந்தால் மிதக்கட்டும்.