பொய்க் கறி அல்ல, மெய்ச் சமையல்!

மீந்துபோன ரொட்டியை உருட்டிப் பொரித்து, கறி உருண்டை மாதிரியே இத்தாலி கிராமத்துப் பெண்கள் செய்வார்கள். சமையல் நிகழ்ச்சிகளில் இதைக் காட்டும்போது, 'ஏழைகளின் பொய்க் கறி' என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

தெரியாத சகோதரிகளுக்காக முதலில் செய்முறையைச் சொல்லிவிடுகிறேன். நடு இத்தாலியில் அப்ரூட்ஸோ என்று ஒரு மலைப் பகுதி. காலங்காலமாக ஆடு மேய்த்தவர்கள் வாழும் இடம். அங்கே இதற்குப் பெயர் 'பல்லோத்தே காச்சே ஓவே'. சீஸும் முட்டையும் சேர்ந்த உருண்டை என்று அர்த்தம். காய்ந்த ரொட்டியைத் தண்ணீரிலோ பாலிலோ நனைத்து, ஒட்டப் பிழிந்து, துருவிய செம்மறியாட்டுப் பால் சீஸ், முட்டை, பூண்டு, பார்ஸ்லித் தழை, உப்பு, மிளகுத்தூள் போட்டுப் பிசைவார்கள். உருட்டி எண்ணெயில் பொரித்து, தக்காளிச் சாற்றில் சிறு தீயில் கொதிக்க விடுவார்கள். முட்டைதான் பிடிமானம். நாள்பட்ட சீஸ்தான் கறிக்கு ஈடான ருசி. பொரித்துப் போடுவதால் கரையாமல், சாற்றை உறிஞ்சி மெத்தென்று உப்பி வரும்.

காய்ந்த ரொட்டி ஏன் மிஞ்சியது? அந்தக் காலத்தில் தினம் அடுப்பு மூட்ட விறகு ஏது? பெரிய பெரிய ரொட்டியாக ஊர்ப் பொது அடுப்பில் சுட்டு, பல நாள் வைத்துச் சாப்பிட்டார்கள். மத்தேரா என்ற ஊரில், எந்த வீட்டு ரொட்டி என்று தெரிவதற்காக மர முத்திரை குத்தி அடுப்புக்கு அனுப்பினார்கள். அப்படி அருமையாகச் சுட்டதைக் குப்பையில் கொட்ட எந்தப் பெண்ணுக்கு மனசு வரும்?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பெல்லெக்ரினோ அர்த்தூசி என்பவர் 1891-ல் வெளியிட்ட சமையல் புத்தகம் இத்தாலியில் ரொம்பப் பிரபலம். வசதியான வீடுகளுக்காக எழுதியது. அதில் அவர் சொல்லும் கறி உருண்டையே மீந்துபோன வேகவைத்த கறியில் செய்வதுதான்! அதிலும் ரொட்டியைச் சேர்க்கச் சொல்கிறார். ஆக, கறி போட்டதும் மிச்சம்தான், போடாததும் மிச்சம்தான். ஒன்று மட்டும் எப்படிங்க 'பொய்' ஆகும்?

மாஸிமோ பொத்தூரா என்ற பெரிய சமையல்காரர், 2015-ல் மிலான் நகரில் உலகக் கண்காட்சி நடந்தபோது, மீந்த உணவுப் பொருள்களைச் சமைத்து ஏழைகளுக்குப் பரிமாற ஏற்பாடு செய்தார். 2017-ல் 'ரொட்டியே பொன்' என்று பொருள்படும் பெயரில் புத்தகமும் வந்தது. நல்ல காரியம், பாராட்ட வேண்டியதுதான். ஆனால் ஆண் செய்தால் கலை, வீட்டுப் பெண் செய்தால் கஞ்சத்தனமா? பெயர் தெரியாத எத்தனையோ அம்மாக்கள் இதைத் தினமும் செய்தார்களே, அவர்களை யார் பாராட்டினார்கள்?

அதற்காக வறுமையை 'ஆஹா' என்று புகழவும் வேண்டாம். ஆசைப்பட்டா அவர்கள் கறியை விட்டார்கள்? கிடைக்கவில்லை. புகழ வேண்டியது பசியை அல்ல, பசியை ஜெயித்த கையை.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. காய்ந்த ரொட்டி வேறு, பூசணம் பிடித்த ரொட்டி வேறு. பூசணத்தை மட்டும் கிள்ளிப் போட்டுவிட்டு மிச்சத்தை எடுக்காதீர்கள். முழுசாகத் தூக்கிப் போடுங்கள். அப்புறம், கறி இல்லை என்பதால் சைவம் என்று எண்ணிவிடாதீர்கள். முட்டை இருக்கிறது. அந்த ஊர் ஆட்டுப்பால் சீஸ் பலவற்றில் பாலை உறைய வைக்க ஆட்டுக்குட்டி வயிற்றிலிருந்து எடுத்த பொருளைச் சேர்ப்பதும் உண்டு.

மிச்சத்தை ருசியாக மாற்றத் தெரிந்தவள் ஏழை அல்ல, கைகாரி. என்ன தோழிகளே, நான் சொல்வது சரிதானே?

- ஓர் இல்லத்தரசி