அரங்கத்தை இடிப்பதா, பழுது பார்ப்பதா? நிலத்தின் கணக்கை முதலில் காட்டுங்கள்!



ஷா ஆலாம் விளையாட்டரங்கம் இன்று இல்லை. 1994 ஜூலையில் திறந்தார்கள். எண்பதாயிரம் பேர் உட்காரக்கூடிய அரங்கம். கூரைத் தகடுகள் பெயர்ந்து, பராமரிப்பு இல்லாமல், கடைசியில் சிலாங்கூர் குழுவே பெட்டாலிங் ஜெயா அரங்கத்திற்கு ஆடப் போனது. முதலில் பழுது பார்ப்போம் என்றார்கள். பிறகு இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவோம் என்றார்கள். 2024-இல் இடிக்கும் வேலை தொடங்கியது. முப்பது வயதுக் கட்டடம்! நம்மில் பலர் குடியிருக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளே அதைவிட மூத்தவை. அவற்றை இடித்துப் புதிதாகக் கட்டித் தருகிறேன் என்று யாரும் வந்து நிற்பதில்லை.

"ஸ்டேடியத்தை இடித்தால் நமக்கென்ன? பிள்ளைக்குப் பள்ளி பஸ் காசு கட்டவே முழி பிதுங்குகிறது" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

புதிய அரங்கத்துக்கு 787 மில்லியன் ரிங்கிட் என்று அறிவித்தார்கள். சிலாங்கூர் அரசு அதைத் தன் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்கவில்லை. மேம்பாட்டு நிறுவனம் அரங்கத்தைக் கட்டித் தரும். அதற்கு ஈடாக நிலம் பெறும். நிலமாற்று என்பார்கள். கேட்கும்போது இனிப்பாக இருக்கும், "மக்கள் வரிப்பணம் ஒரு காசு செலவில்லை" என்பார்கள். ஐயா, அரசு நிலம் யாருடையது? அது மக்கள் பணம் இல்லையா? பணமாகக் கொடுத்தால் சட்டமன்றத்தில் கணக்கு வைக்க வேண்டும், கேள்வி வரும். நிலமாகக் கொடுத்தால் ஒரு கையெழுத்தோடு காரியம் முடிந்துவிடுகிறது.

இனி புக்கிட் ஜாலிலுக்கு வருகிறேன்.

அங்கே தேசிய ஹாக்கி அரங்கம் இருக்கிறது. 1998 காமன்வெல்த் போட்டிக்காகக் கட்டியது, சுமார் 12,000 பேர் உட்காரலாம். காமன்வெல்த் போட்டியில் ஹாக்கி முதன்முதலாகச் சேர்க்கப்பட்டதே அந்த ஆண்டுதான். நம் நாட்டுக் குழு இறுதியாட்டம் வரை வந்து ஆஸ்திரேலியாவிடம் 4-0 என்று தோற்று வெள்ளி வாங்கியது. 2002 உலகக் கிண்ணமும் அதே அரங்கத்தில்தான்.

அந்த 98-இல் என் சித்தப்பா என்னை அங்கே அழைத்துப் போனார். வாழ்நாள் முழுக்க பால்மரம் வெட்டியவர். ஹாக்கி என்றால் உயிர். 1975-இல் கோலாலம்பூரில் நடந்த உலகக் கிண்ணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். ஸ்ரீ சண்முகநாதன் தலைமை தாங்கிய குழு, மகேந்திரன், பாலசிங்கம் என்று ஒவ்வொரு பெயராகச் சொல்வார். அரையிறுதியில் இந்தியாவிடம் கூடுதல் நேரத்தில் 3-2 என்று தோற்றதைச் சொல்லும்போது நேற்று நடந்ததுபோல வருத்தப்படுவார். அவ்வளவு பேசுகிறவர் அன்று அரங்கத்துக்குள் நுழைந்ததும் பேச்சில்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "நம்ம ஆளுங்க மரம் வெட்டின இடம்டா இது."

ஆம், புக்கிட் ஜாலில் ஒரு ரப்பர் தோட்டம். ஆயிரத்துக்கும் அதிகமான ஏக்கர். 1980-இல் அரசு அதைக் கையகப்படுத்தியது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விளையாட்டு நகரம் வந்தது, தொழில்நுட்பப் பூங்கா வந்தது, கோல்ப் திடல் வந்தது, கொண்டோமினியம் வந்தது. லயங்கள் சுருங்கிக்கொண்டே போயின. 2011-இல் கோலாலம்பூர் மாநகர் மன்றம் காலி செய்யச் சொல்லி வந்தபோது சுமார் நாற்பது குடும்பங்கள் மிச்சம் இருந்தன. அவர்கள் கேட்டது நாலு ஏக்கர். தலைமுறையாக உழைத்த மண்ணில், தரை வீடு கட்டிக்கொள்ள நாலே நாலு ஏக்கர். "அடுக்குமாடி வீட்டுக்குப் போங்கள்" என்பதுதான் அன்று வந்த பதில்.

நாலு ஆண்டு கழித்து, 2015-இல், அதே புக்கிட் ஜாலிலில் என்ன நடந்தது தெரியுமா? 2017 சீ விளையாட்டுப் போட்டிக்காகத் தேசிய விளையாட்டு வளாகத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்றார்கள். இடிக்கவில்லை, பழுது பார்த்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அந்த வேலைக்குக் கூலி எப்படிக் கொடுக்கப்பட்டது? தொண்ணூறு ஏக்கர் அளவுக்கு நிலமாக! நாலு ஏக்கருக்குக் கையை விரித்த மண்ணில் தொண்ணூறு ஏக்கர் பேசி முடிக்க முடிந்தது.

அந்த வேலையை எடுத்தது எம்ஆர்சிபி தலைமையிலான நிறுவனம். ஷா ஆலாமிலும் எம்ஆர்சிபிதான். அதனாலேயே அது தவறு என்று நான் சொல்ல வரவில்லை, வியாபாரம் அவர்கள் தொழில். பிறகு புக்கிட் ஜாலில் நிலத்தின் பெரும்பகுதியை மேம்படுத்தும் திட்டத்தில் இபிஎப் பெரும் பங்குதாரராகச் சேர்ந்தது. ஆக, மாதாமாதம் உங்கள் சம்பளத்தில் பிடிக்கும் காசும் அந்த மண்ணில் போய்ச் சேர்ந்திருக்கிறது. லயத்தில் இருந்தவனுக்கு அங்கே இடமில்லை, அவன் சேமநிதிக்கு மட்டும் இடம் உண்டு!

இதிலிருந்து நான் கற்றுக்கொண்டது ஒன்று. இடித்தாலும் நிலம் போகிறது, பழுது பார்த்தாலும் நிலம் போகிறது. "இடிப்பதா, பழுது பார்ப்பதா" என்று பொறியாளர்களும் விளையாட்டு அதிகாரிகளும் பத்திரிகையில் விவாதம் பண்ணிக்கொண்டிருக்கும்போது, எத்தனை ஏக்கர், யாருக்கு, என்ன விலைக்கு என்ற பேச்சு வேறோர் அறையில் முடிந்துவிடுகிறது. நாம் நுழைய வேண்டியது அந்த அறைக்குள்.

கொஞ்சம் சட்டம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1960-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டத்தில் 1991-இல் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு பள்ளிக்கூடம், சாலை என்ற பொதுக் காரியத்துக்கு மட்டுமல்ல, பொருளாதார வளர்ச்சிக்கு நன்மை என்று மாநில அரசு கருதினாலே நிலத்தை எடுக்கலாம். அதே திருத்தத்தில் 68ஏ என்றொரு பிரிவும் நுழைந்தது. எடுத்த நிலத்தைப் பிறகு வேறு ஆளுக்குக் கொடுத்தாலும், வேறு காரியத்துக்குப் பயன்படுத்தினாலும், எடுத்தது செல்லாது என்று வழக்காட முடியாது. திடல் கட்ட என்று எடுத்த நிலத்தில் நாளை கொண்டோ எழும்பினாலும் அந்த வழி அடைத்தாயிற்று. இழப்பீடோ நிலத்துச் சொந்தக்காரருக்கு, அதாவது தோட்ட நிறுவனத்துக்கு. லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும். மூன்று தலைமுறை இருந்தோம் என்பதற்குச் சட்டத்தில் பெரிய விலை கிடையாது. நீதிமன்றத்தில் இதை எத்தனையோ அம்மாக்களுக்கு விளக்கியிருக்கிறேன். விளக்கி முடித்தபின் அவர்கள் முகத்தைப் பார்ப்பது எனக்கு இன்றும் பழகவில்லை.

ஆனால் கதவு முழுக்க மூடவில்லை. 2023 ஏப்ரலில், தாமான் ரிம்பா கியாரா வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் முக்கியமான தீர்ப்பு தந்தது. நகரின் அமைப்புத் திட்டத்துக்கு மாநகர் மன்றத் தலைவர் கட்டுப்பட்டவர், விலகினால் காரணம் சொல்ல வேண்டும் என்றது. சுற்று வட்டாரக் குடியிருப்பாளர்கள் வழக்காடியதால் வந்த தீர்ப்பு. அங்கேயும் நம் கதை இருக்கிறது, பாருங்கள். புக்கிட் கியாரா தோட்டத்து முன்னாள் தொழிலாளர்கள் நீண்ட வீடுகளில் பல்லாண்டாக நிரந்தர வீட்டுக்குக் காத்திருந்தார்கள். அவர்களுக்கு வீடு என்ற பெயரைச் சொல்லித்தான் பூங்கா நிலத்தில் உயர்ந்த அடுக்குமாடிகளுக்கு அனுமதி தந்தார்கள். பூங்கா பிழைத்தது. ஆனால் தீர்ப்பு வந்த அன்றும் அந்தக் குடும்பங்கள் நீண்ட வீட்டில்தான் இருந்தன.

சரி, ஹாக்கி அரங்கத்துக்குத் திரும்புவோம். நாளைக்கே அதை இடிக்கப் போகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஷா ஆலாம் அரங்கம் முப்பது வயதில் இடிபட்டது. இதற்கும் அந்த வயது நெருங்குகிறது. பேச்சு வருவதற்கு முன்பே நம் கருத்தைச் சொல்லிவைப்போம். பழுது பார்க்க வேண்டும், இடிக்கக் கூடாது.

காரணம் எளிது. ஹாக்கிக்கு முக்கியம் தரை. 91.4 மீட்டர் நீளம், 55 மீட்டர் அகலச் செயற்கைத் தரை, விளக்கு, தண்ணீர் பாய்ச்சும் குழாய். தரை பத்து ஆண்டு அளவில் தேய்ந்துவிடும், மாற்றத்தான் வேண்டும். அரங்கம் புதிதாக இருந்தாலும் இந்தச் செலவு தப்பாது. இருக்கைகளும் கூரையும் அப்படியில்லை, ஆண்டுதோறும் கவனித்தால் நீண்ட காலம் நிற்கும். பெரிய போட்டி நாட்களைத் தவிர அந்த 12,000 இருக்கைகள் நிறைவதும் அரிது. நிறையாத இருக்கைக்குப் பதிலாகப் பளபளப்பான புதிய இருக்கை எதற்கு?

"பாதுகாப்பு இல்லை என்றால் இடிக்காமல் என்ன செய்வது?" என்று கேட்பார்கள். கட்டமைப்பே கெட்டுவிட்டது என்று பொறியாளர் எழுதிக்கொடுத்தால் நானும் உள்ளே போக மாட்டேன். ஷா ஆலாமில் அந்த வாதத்துக்கு வலு இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்த நிலைக்கு வரும்வரை கூரையைப் பார்க்காமல் இருந்தது யார்? பராமரிப்புக்குக் காசில்லை, இடித்துக் கட்ட மட்டும் நிலம் இருக்கிறது என்றால், கூரை ஒழுகுவதே சிலருக்கு லாபமாகிவிடாதா?

எனக்கு இதில் இன்னொரு ஆதங்கம் உண்டு. எங்கள் தோட்டத்தில் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு திடல் இருந்தது. கொய்யா மரக் கிளையை வளைத்து மட்டை செய்து ஆடுவோம். 1975 உலகக் கிண்ணம் புல்தரையில் நடந்தது. மறு ஆண்டு மொன்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தரை வந்தது. அதன் பிறகு ஹாக்கி காசுள்ள பள்ளிகளின் ஆட்டமாகிவிட்டது. தோட்டத்துத் திடல்களும் தோட்டங்களோடு போயின. இன்று அடுக்குமாடியில் வளரும் நம் பிள்ளைக்குக் கீழே இருப்பது கார் நிறுத்துமிடம். திடல் இல்லாத பையன் மாலை ஆறு மணிக்கு எங்கே போகிறான், யாரோடு சேருகிறான் என்பது உங்களுக்குத் தெரியும். லாக்கப் வாசலில் நின்று பார்ப்பதால் எனக்கும் தெரியும்.

ஆகவே, அரங்கம் பற்றிய பேச்சு உங்கள் வட்டாரத்தில் எழுந்தால், ஹாக்கியோ கால்பந்தோ, கூட்டத்துக்குப் போங்கள். நிலமாற்று ஒப்பந்தத்தை மறைக்காமல் வெளியிடச் சொல்லுங்கள். எந்த மதிப்பீட்டாளர் நிலத்துக்கு விலை போட்டார் என்று கேளுங்கள். கைமாறும் நிலத்தில் ஒரு பகுதியை, அந்த மண்ணில் வேலை செய்த குடும்பங்களின் வீட்டுக்கும் ஒரு திறந்த திடலுக்கும் எழுத்தில் ஒதுக்கச் சொல்லுங்கள். வாரத்தில் எத்தனை மணி நேரம் வட்டாரத் தமிழ்ப்பள்ளி, தேசியப் பள்ளி, சீனப்பள்ளிப் பிள்ளைகள் இலவசமாக அந்தத் தரையில் ஆடலாம் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். வாய் வாக்குறுதி வேண்டாம்.

உள்ளூர் வரைவுத் திட்டத்தைக் காட்சிக்கு வைக்கும்போது ஆட்சேபம் தெரிவிக்க ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. பாரத்தை மலாய் மொழியில் நிரப்பத் தயக்கமாக இருந்தால், வீட்டில் படிக்கும் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து நிரப்புங்கள். நகல் எடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். தோட்டத்துச் சம்பளச் சீட்டு, லயத்து முகவரி போட்ட பிறப்புப் பத்திரம், திடலில் எடுத்த பழைய போட்டோ எது இருந்தாலும் எறிந்துவிடாதீர்கள். என் சித்தப்பா இறந்தபோது அவருடைய தகரப் பெட்டியில் இருந்த காகிதங்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டோம். அவர் எந்தத் தோட்டத்தில் எத்தனை ஆண்டு மரம் வெட்டினார் என்று காட்ட இன்று எங்களிடம் ஒரு துண்டுச் சீட்டு இல்லை.