ஆற்றுத் தீவுக் குடிகளின் வரலாறு: புக்கிட் பெருவாங் பிரகடனம்

புக்கிட் பெருவாங்கிலும் சுற்றியுள்ள மலாக்கா தோட்டங்களிலும் பிறந்து வளர்ந்த நாங்கள் இன்று ஓர் இயக்கமாகக் கூடுகிறோம். ஆறு சூழ்ந்த தீவுகளில் வாழ்ந்த, வாழ்கிற மக்களின் வரலாற்றை அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதிவைப்பது எங்கள் வேலை. இயக்கத்துக்குப் பெயர் பிறகு வைத்துக்கொள்ளலாம். அதற்காக ஒரு கூட்டத்தை வீணாக்க மனமில்லை.

முதலில் கேரித் தீவு. சிலாங்கூரின் கோல லங்காட் மாவட்டத்தில், லங்காட் ஆறு பெருநிலத்திலிருந்து பிரித்துவைத்திருக்கும் நிலம் அது. எட்வர்ட் வேலன்டைன் கேரி என்ற தோட்டத்துரையின் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. துரைக்கு முன்பே அங்கே மா மெரி என்ற பழங்குடி மக்கள் இருந்தார்கள்; சுங்கை பும்புன் கிராமத்தில் இன்றும் மரத்தில் முகமூடி செதுக்குகிறார்கள். அந்தச் சதுப்பில் உப்புநீர் ஏறாமல் கரை கட்டி, வடிகாலாகக் கான் வெட்டி, ரப்பரும் தென்னையும் பிறகு செம்பனையும் வளர்த்தவர்களில் தமிழர் பலர். துரையின் பெயர் வரைபடத்தில் இருக்கிறது. கான் வெட்டியவரின் பெயரைப் பேரப்பிள்ளைதான் சொல்ல வேண்டும்.

மலாக்காக்காரர்களுக்குச் சிலாங்கூர்த் தீவில் என்ன வேலை? தோட்டம் கைமாறினால் என்ன ஆகும் என்பது எங்களுக்குத் தெரியும். 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்ற தோட்டங்கள் துண்டுபோடப்பட்டன. அதற்கு மாற்றாகத்தான் அன்றைய ம.இ.கா. தலைவர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்தார்கள். நிலத்தைக் காக்க ஒரு சங்கம் வந்தது. நினைவைக் காக்க யாரும் வரவில்லை.

கேரித் தீவில் துறைமுகம் கட்டும் பேச்சு பல ஆண்டுகளாக ஓடுகிறது. துறைமுகத்தை எதிர்ப்பது எங்கள் கொள்கையல்ல. ஆனால் மண்வாரி இயந்திரம் இறங்குமுன் கோயில், இடுகாடு, தமிழ்ப்பள்ளி, தொழிலாளர் லயம் இருந்த இடமெல்லாம் அளந்து குறிக்கப்பட வேண்டும்.

அடுத்து, தமிழ்நாட்டின் கொள்ளிடம் ஆற்றில் முதலைமேடுதிட்டு, வெள்ளமணல், நாதல்படுகை என்று குடியிருப்புத் திட்டுகள் உண்டு. மேட்டூர் அணையின் உபரிநீர் பாய்ந்து, மக்கள் முகாமுக்குப் போகும் நாளில் மட்டும் அவற்றின் பெயர் நாளிதழில் வருகிறது. அங்குள்ளவர்களோடும் தொடர்பு தேடுவோம்.

ஒன்றில் விட்டுக்கொடுக்க மாட்டோம். தமிழன்தான் தீவை உருவாக்கினான் என்ற மார்தட்டலுக்கு எங்கள் மேடையில் இடமில்லை. மா மெரி வரலாற்றை மா மெரி மக்களே சொல்லட்டும். அவர்கள் அழைத்தால் உதவுவோம். நம் பக்கத்திலும் கங்காணி, கிராணி வீட்டுக் கதைகளே இதுவரை அதிகம் எழுதப்பட்டன. புல் வெட்டிய, மருந்தடித்த, விடியுமுன் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பிரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, ஓடிய பெண்களிடமிருந்து தொடங்குகிறோம். எண்பது வயதைத் தாண்டியவர்கள் முதல் வரிசை. அவர்களுக்காக எந்தக் கூட்டத்தையும் தள்ளிவைப்போம், அவர்களைத் தள்ளிவைக்க மாட்டோம்.

உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் பிறப்புப் பத்திரம், சம்பளச் சீட்டு, திருவிழா நோட்டீஸ், பள்ளிக் குழுப்படம் ஏதாவது இருந்தால் எங்களைக் கூப்பிடுங்கள். மூலத்தை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள், எங்களிடமும்தான். உங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறோம்.