காட்சியென வந்த உரை

சென்ற திங்கட் பிரதோட நாளன்று சிவன்கோயிற் பிராகாரத்தில் வழிபாடு முடித்து அமர்ந்திருந்தேம். நெடுநாட் பழகிய அன்பர் ஒருவர் எம்மருகே வந்து தமது கைப்பேசியை நீட்டினார். அதன் கண்ணாடியில் ஒரு சிவலிங்கந் தோன்றிற்று. நாகமொன்று அதன்மேல் ஏறிச் சுற்றிப் படம் விரித்து, வாயிற் கௌவியிருந்த வில்வத்தைச் சாத்தித் தலைதாழ்த்தி இறங்கிப் போயிற்று. அன்பர் கண்ணீர் மல்க நின்றார்.

"இஃது எவ்வூர்?" என வினவினேம். "திருவண்ணாமலைக்கு அருகே என்கிறார்கள்" என்றார். "என்று நிகழ்ந்தது?" "அது தெரியாது." "படம் எடுத்தவர் யாவர்?" "அதுவுந் தெரியாது; ஆனால் ஐயா, இதோ நேரே கண்ணாற் காண்கின்றோமே! பிரத்தியட்சத்துக்கு வேறு பிரமாணமும் வேண்டுமோ?" என்றார்.

அவ்வினாவே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. அவர்தம் அன்பினை யாம் சிறிதும் ஐயுற்றிலேம், அக்கண்ணீர் மெய்யே. பிரத்தியட்சம் என்னுஞ் சொல்லை அவர் வழங்கியவாற்றையே மறுக்கப் புகுந்தேம். அவர் ஒருவரல்லர், நம்மனோரிற் பெரும்பாலார் இந்நாளில் அவ்வாறே வழங்குகின்றனர்.

சைவ நூல்களை ஒருசிறிது பயின்றாரும் அளவையின் இயல்பை அறிவர். அளவைகள் ஆறென்பாரும் பத்தென்பாரும் உளராக, அவையெல்லாம் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்குமெனச் சிவஞானசித்தியார் வரையறுத்தது. பொறி பொருளோடு பொருந்த, ஐயமுந் திரிபும் நீங்க அறிவதே காண்டலாம். அன்பரின் கண் அன்று எதனோடு பொருந்திற்று? நாகத்தோடன்று, இலிங்கத்தோடுமன்று, உள்ளங்கை அளவினதாகிய கண்ணாடி ஒன்றனோடு. அக்கண்ணாடியில் ஒளியும் நிறமும் அசைந்தன என்பது காண்டலேயாம், அதில் வழக்கில்லை. 'ஓரூரில் ஒருநாள் ஒரு நாகம் இறைவனை அருச்சித்தது' என்பதோ யாரோ ஒருவர் நமக்குச் சொல்லுஞ் சொல். வாயாற் சொல்லாது படத்தாற் சொன்னார் என்பதன்றி வேற்றுமை யாதுமில்லை. ஆகவே அஃது உரையின்பாற் படுவதன்றிக் காட்சியின்பாற் படாது. உரையெனின், உரைத்தவன் யாவன், அறிந்து உரைத்தானா, பொய்யுரைத்தற்கு ஏதுவாகிய விருப்பு வெறுப்பு இலனா என ஆராய்தல் வேண்டும். இவற்றுள் ஒன்றனையும் ஆராயவொட்டாது, 'கண்டேன்' என்னும் மயக்கத்தை முன்னே விட்டுத் தான் பின்னே புகுவதன்றோ இப்படங்களின் வல்லமை!

தருக்க நூலார் ஐதிகம் என ஓர் அளவையை எண்ணி, 'இம்மரத்திற் பேயுண்டு' என்பதனை அதற்கு எடுத்துக்காட்டாக வழங்குவர். முதற்கண் உரைத்தான் இன்னானென அறியப்படாது, வாய்க்கு வாய் வழிவழியாக வருவது அது. கைப்பேசியிற் பலமுறை அனுப்பப்பட்டதென்னுங் குறியோடு வந்து வீழ்வனவெல்லாம் அம்மரத்துப் பேயின் மரபினவே. பழைய பேய் தன் மரத்தைவிட்டு இறங்காது. இதுவோ ஒரு நாழிகையிற் கடலைக் கடக்கின்றது. அன்றியும், இத்தகைய படங்களைப் பரப்புவார் பலர்க்குப் பார்ப்போர் தொகைக்கேற்பப் பொருள் வருகின்றது என்பதனை உலகறியும். பொருள் கருதி உரைப்பானை நம்பத்தக்கோன் என எந்நூல் வகுத்தது?

அற்றன்று, மனிதன் பொய் கூறுவான், கருவி பொய் கூறாது, தன்முன் இருந்ததனையே அது காட்டும் என்பாரும் உளர். அவர் இதனைக் கேட்பாராக. 1838-ஆம் ஆண்டிற் பாரிசு நகரத்தில் தாகேர் என்பார் உயர்ந்ததொரு சாளரத்தினின்று பெருந்தெரு ஒன்றனைப் படமெடுத்தார். நிழற்படக்கலை பிறந்த புதிதில் எடுத்தது அது. வண்டியும் மாந்தரும் வழங்கிய பட்டப்பகற் றெரு, படத்தில் ஊழிக்காலத்து ஊர்போல வெறிச்சோடிக் கிடக்கின்றது. என்னை? தகட்டிற் படம் பதிதற்குச் சில நிமிடங்கள் வேண்டியிருந்தமையால், அசைந்தன யாவும் பதியாதொழிந்தன. நடைபாதை ஓரத்திற் காலணிக்கு மெருகிடுவித்துக்கொண்டு அசையாது நின்ற ஒருவனும் மெருகிட்டவனுமே எஞ்சினர். தாகேர் பொய்யுரைக்கக் கருதினாரல்லர், கருவியும் பழுதுபட்டதன்று. ஆயினும் அப்படத்தை மட்டுங் கண்டான், 'அந்நகரில் இருவரே உளர்' என்பான். கருவியுந் தனக்கியன்ற அளவே காட்டும். எஞ்சியதனை நம் மனம் இட்டு நிரப்பும். இன்றோ, கருவியின் முன் யாதொன்றும் இல்லாமலே, இன்னது வேண்டுமென எழுதிக் கேட்ட அளவானே நாகத்தையும் வில்வத்தையும் ஆக்கித்தருங் கணிப்பொறிகள் வந்துவிட்டன. அவற்றுக்குத் தெருவும் வேண்டா, சாளரமும் வேண்டா.

இனி, பொய்யை நம்பி மயங்கினார் பிறரே, யாம் அல்லேம் என நகைத்திருப்பார்க்கு ஒரு வரலாறு கூறுதும்.

1938-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள் இரவு, அமெரிக்க நாட்டுக் கொலம்பியா வானொலியில் ஆர்சன் வெல்ஸ் என்னும் இளைஞர் ஒரு நாடகம் நடத்தினார். எச். ஜி. வெல்ஸ் எழுதிய நாவலொன்றைத் தழுவியது அது. செவ்வாய்க் கிரகத்தார் நியூ ஜெர்சி மாநிலத்திற் சிற்றூர் ஒன்றில் இறங்கி மக்களைக் கொல்கின்றனர் என்பது கதை. அதனைச் செய்தி அறிவிப்பைப் போலவே இடையிடையே அமைத்திருந்தார். நாடகம் என்பது தொடக்கத்திலேயே அறிவிக்கப்பட்டதாயினும், நடுவே கேட்கப் புகுந்தார் சிலர் அஞ்சினர். காவல் நிலையங்களுக்கும் பத்திரிகை நிலையங்களுக்குந் தொலைபேசி அழைப்புக்கள் பெருகின. மறுநாட் காலையில், நியூயார்க் டைம்சு முதலிய பத்திரிகைகள் நாடு முழுதும் பேரச்சத்தில் மூழ்கியதென முதற் பக்கத்தில் எழுதின. அன்றுதொட்டு, வானொலி மக்களை எவ்வாறு மயக்கவல்லது என்பதற்கு அவ்விரவே சான்றெனக் கல்லூரிகளிலுங் கற்பிக்கப்பட்டு வந்தது. யாமும் இளமையில் அதனைக் கற்றுப் பிறர்க்குக் கூறியுள்ளேம்.

பின்வந்த ஆராய்ச்சியாளர் அதனை ஆய்ந்து கண்டதோ வேறு. அன்றிரவே ஐயாயிரம் வீடுகளைத் தொலைபேசியில் வினவிய கணக்கெடுப்பு ஒன்று உண்டு. அந்நாடகத்தைக் கேட்பதாகக் கூறியவர் நூற்றுக்கு இருவரே. அந்நேரத்தில் மிகப் பலர் விரும்பிக் கேட்டது வேறொரு நிலையத்து நிகழ்ச்சி. அதில் எட்கார் பெர்கன் என்பார் உதடசையாமற் பொம்மையைப் பேசவைக்கும் வித்தை காட்டுவார். (உதட்டைக் காணவியலாத வானொலியில் அவ்வித்தைக்குப் பெரும்புகழ் இருந்ததென்பது நம் பொருளுக்கு மிக இயைந்ததே!) அஞ்சினார் சிலர் இருந்தனர் என்பது மெய். மக்கள் திரள்திரளாகத் தெருக்களில் ஓடினர் என்பது பெரிதும் மிகைப்படக் கூறியதென்றே அவர்கள் முடிவு செய்தனர். விளம்பர வருவாயை வானொலி பறித்துக்கொண்டு வந்தமையாற் பத்திரிகைகளுக்கு அதன்பாற் பகைமை இருந்ததென்பதையும் எடுத்துக்காட்டினர்.

ஈண்டு நின்று சிந்திப்போமாக. வானொலியைக் கேட்டுச் செவ்வாய்க் கிரகத்தாரை நம்பினார் சிலரே. பத்திரிகையைப் படித்து 'அமெரிக்கர் யாவரும் நம்பினர்' என நம்பினாரோ உலகெங்கணும் எண்ணிலர். அவ்வேழைகளைப் பார்த்து நகைத்துக்கொண்டே யாம் அதே குழியில் வீழ்ந்து கிடந்தேம்! பிறர் மயக்கத்தைப் பற்றிய செய்தியே நமக்கு மயக்கமாயிற்று.

அமெரிக்கர் நிற்க, நம் வீட்டுக்கு வருவோம். 1995-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-ஆம் நாளை நம்மில் மூத்தோர் மறவார். தில்லியிற் பிள்ளையார் பால் பருகுகின்றார் என விடியலிற் கிளம்பிய செய்தியைத் தொலைபேசியும், அந்நாளிற் புதிதாகப் பரவிவந்த செயற்கைக்கோட் டொலைக்காட்சியும் நண்பகலுக்குள் நாடெங்கும் பரப்பின. இலண்டனிலுங் கோயில்களில் வரிசை நின்றது. ஒளிப்பதேன்? யாமும் செம்பிற் பாலேந்திக் கரண்டியோடு வரிசையில் நின்றேம். கரண்டியைத் துதிக்கையின் அருகே வைத்தேம், பால் குறைந்தது, உடல் புளகித்தேம்.

கரண்டியிற் பால் குறைந்தது என்பது காண்டல். அஃது இன்றும் மெய்யே. 'பிள்ளையார் பருகினார்' என்பதோ காண்டலன்று, கருதல். கருதற்கு வேண்டுவது பிறழாத ஏது. பால் குறைதற்குப் பருகுதலே காரணமாதல் வேண்டுமென்னும் நியதி இல்லையே! மத்திய அரசின் அறிவியற் றுறையார் அன்றே பாலில் நிறங்கலந்து வைத்துப் பார்த்தனர். பரப்பிழுவிசையாற் கரண்டியின் விளிம்பைக் கடந்த பால், கல்லின் மேனி வழியே மெல்லிய படலமாக வழிந்திறங்குதல் நிறத்தாற் புலப்பட்டது. எம்மூர்க் கோயிலிலும் பீடத்தின் அடியில் வெண்மை படர்ந்து ஈரமாயிருந்தது. யாம் அதனைக் கண்டேம். கண்டுங் காணாதேம்! வீட்டினின்று புறப்படு முன்னரே தொலைக்காட்சி 'பருகினார்' என்று சொல்லி அனுப்பியிருந்தமையால், அதற்கியைந்ததனையே கண் காட்டிற்று, இயையாததனை மறைத்தது. உயிர் சார்ந்ததன் வண்ணமாம் என நம் ஆசிரியர் கூறுவது வீட்டுநெறிக்கு மட்டும் உரியதென எண்ணியிருந்தேம். படிகம் தன்னை அடுத்த நிறத்தைத் தன்னிறமாகக் காட்டுமாறு, காலையிற் கேட்ட செய்தியின் நிறத்தையே எம் கண் மாலையிற் கல்லின்மேற் கண்டதென அன்றைக்கு அறிந்திலேம்.

இவ்வாறு கூறுதலால் நாத்திகர்க்குத் துணைபோகின்றீர் என அன்பர் சிலர் எம்மை வெகுள்வர். பொய்யாயினும் ஆகுக, அதனாற் பத்தி வளர்கின்றதே, கோயிலுக்கு வாராதவனும் வருகின்றானே என வேறு சிலர் அமைதி கூறுவர். இவ்விரண்டாங் கூற்றே நாத்திகர் கூற்றினுங் கொடிதென்பேம்.

என்னை? முப்பொருளுண்மையை யாம் கொள்வது எவ்வளவை பற்றி? கண்ணாற் கண்டோ? அன்று. கருதலளவையும் ஓரெல்லை காறுமே செல்லும். அதற்கப்பால் யாம் நிற்பது உரையின்மேல். மாசற்ற முதல்வன் வாக்கென்றும், அவனருள் பெற்ற பெரியோர் வாக்கென்றும் தேறிய உரையின்மேல். நாத்திகன் உரையை அளவையன்று என மறுக்கின்றான். அவனோடு வாதிட நமக்கு வழியுண்டு. எவன் உரைத்ததாயினும் ஆகுக, மனத்துக்கு இனிதாயின் மெய்யென்று கொள்வேன் என்பானோ, உரைக்கு உரிய சோதனையையே அழித்துவிடுகின்றான். பேர் தெரியாதான் பொருள் வேண்டி ஆக்கிய படத்தையுந் தேவார மூவர் வாக்கையும் ஒரே கூடையில் இட்டுத் தூக்கிக்கொண்டு வருகின்றான். படம் பொய்யென வெளியாகும் நாளில், கூடையோடு எறியப்படும் என்பதனை அவன் எண்ணுகின்றிலன்.

அந்நாள் வருமென்று அச்சுறுத்துகின்றேமல்லேம், அது வந்துவிட்டது. சிலநாட்கு முன், ஒன்பது வயதினனாகிய எம் பேரனுக்கு, கல்லொடு பிணித்துக் கடலில் இடப்பட்ட அப்பரடிகள் திருவைந்தெழுத்தை ஓதிக் கரையேறிய வரலாற்றைக் கூறினேம். கண் இமையாது கேட்டான். முடிந்ததும், "தாத்தா, அதற்கு வீடியோ உண்டா?" என்றான். "இல்லையப்பா" என்றேம். சிறிது நேரம் வாளா இருந்தான். பின்பு, எம்மைத் தேற்றுவான்போல, "இருந்தாலும் அது கம்ப்யூட்டரில் செய்ததாகத்தான் இருக்கும்" என்றான்.

அச்சிறுவன்பாற் குற்றங் காண்டல் தகுமோ? படமில்லாதது நிகழவில்லை என்றும், படமுள்ளது பொய்யாகலாம் என்றும் அவனுக்குக் கற்பித்தவர் யாவர்? நாத்திகர் ஒருவரும் எம் வீட்டுக்கு வந்ததில்லை. பொழுது புலரும் முன்னரே அவன் கையில் இருக்கும் அக்கருவிக்கு, நாகம் வில்வஞ் சாத்துவதையும், வெறும்பாறையினின்று விபூதி கொட்டுவதையும், இமயத்துப் பனியில் ஐந்நூறு ஆண்டாக யோகிருந்தார் எழுந்து வருவதையும் நாடோறும் அனுப்பிக்கொண்டிருப்பார் அவன் அத்தையும் மாமனும். சிவதீக்கை பெற்ற யாமும் இருமுறை அனுப்பியுள்ளேம். அவற்றுட் பல பொய்யென்பதனை அவன் எமக்கு முன்னரே கண்டுகொண்டான். கண்டுகொண்டவன், எம் வாய்ச்சொல்லையும் அவற்றோடு வைத்து எண்ணினான்.

இக்கட்டுரை எழுதி முடியுந் தறுவாயில், மேற்கூறிய நாகத்தின் படத்தையே வேறோர் அன்பர் எமக்கு அனுப்பினார். அதன்கீழ்க் கேதாரம் என்று எழுதியிருந்தது. மாலையில் மூன்றாமவர் ஒருவர் அனுப்பினார், அதில் இராமேச்சுரம். நாகமும் அதுவே, வில்வமும் அதுவே, இலிங்கத்தின்மேல் விழுந்த வெயிலும் அதுவே. பிராகாரத்திற் கண்ட அன்பரை மறுநாள் தேடிச்சென்று, மூன்றனையும் ஒருங்கே காட்டினேம். நெடுநேரம் உற்றுநோக்கினார்.

"மூன்று ஊரிலும் நடந்திருக்கலாம் அல்லவா?" என்றார்.